எட்டுத் தாள்களில் 3.6

ஜீவிதா மேடம் போர்டைக் கையால்தான் அழிப்பார். டஸ்டர் மேசைமேல் சும்மா கிடக்கும். வகுப்பு முடியும்போது அவருடைய வலது கை மணிக்கட்டுக்கு மேல்வரை வெள்ளையாக இருக்கும். அதே கையால் முடியை ஒதுக்குவதால் நெற்றியிலும் ஒரு கோடு விழும். அப்படியே பஸ் ஏறி, கும்பாரகொப்பலில் அவர் தங்கியிருக்கும் பி.ஜி. விடுதிக்குப் போய்விடுவார். யாராவது சொன்னால், "இருக்கட்டும்ங்க, போய்க் குளிக்கத்தானே போறேன்" என்பார்.

அவரைப் பற்றி எழுத எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. பஸ் ஸ்டாப்பில் அவர் என்னிடம் கேட்ட ஒரு கேள்விக்கு என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. நடந்ததை வரிசையாக எழுதினால் விளங்குமோ என்று பார்க்கிறேன்.

நான் சேர்ந்திருப்பது மைசூரில் ஒரு மாலைக் கல்லூரி. பகலில் வேலைக்குப் போகிறவர்கள் படிக்கிற இடம். இரண்டாம் பி.யூ., அதாவது பிளஸ் டூ, முடித்ததும் ஒரு மொபைல் கடையில் இரண்டு மாதம், ஒரு பேக்கரியில் மூன்று வாரம் இருந்தேன். இப்போது கொரியர். எதிலும் நிற்க மாட்டேன் என்கிறார் அம்மா. மாலையில் சும்மா சுற்றாமல் இருக்கட்டும் என்று பி.எஸ்சி. சேர்த்துவிட்டார். கணக்கு எனக்குப் பிடித்ததால் எடுத்தேன் என்று சொல்ல முடியாது. அந்தப் பிரிவில்தான் இடம் இருந்தது.

முதல் செமஸ்டரில் ஜீவிதா மேடம் எங்களுக்கு இரண்டு பகுதிகள் எடுத்தார். ஒன்று கால்குலஸ், இன்னொன்று காம்ப்ளெக்ஸ் எண்கள். மேடத்துக்கு இருபத்தேழு வயது. ஹனூர் பக்கம் கௌதள்ளிக்காரர். அவருடைய அப்பா போர்வெல் லாரியில் வேலை செய்கிறார். வீட்டில் தமிழ், பள்ளியில் கன்னடம், எம்.எஸ்சி. வரைக்கும் ஆங்கிலம். கல்லூரியில் அவர் கெஸ்ட் லெக்சரர். அதாவது வகுப்பு இருக்கும்வரைதான் வேலை. எங்கள் பிரிவில் இருபத்தொரு பேர். பதினைந்துக்குக் கீழே போனால் பிரிவை மூடிவிடுவார்கள், மேடம் கௌதள்ளிக்குப் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். முதல் நாளே இதை அவர் ஒளிக்காமல் சொன்னார். "அதனால யாரும் ஓடிப்போயிடாதீங்க" என்று கன்னடத்தில் சொன்னபோது வகுப்பே சிரித்தது. அவர் மட்டும் சிரிக்கவில்லை.

அவர் சொன்ன இன்னொரு விஷயமும் எனக்கு நினைவிருக்கிறது. போன வருடம், அவருடைய முதல் வகுப்பிலேயே ஒரு மாணவி எழுந்து, "மேடம், ஐ எங்கே இருக்கு?" என்று கேட்டாளாம். மைனஸ் ஒன்றின் வர்க்கமூலத்தைத்தான் ஐ என்று எழுதுகிறோம். மேடம் அதை வைத்து ஐந்து வருடம் கணக்குப் போட்டு, முதல் வகுப்பில் தேறியவர். ஆனால் அது எங்கே இருக்கிறது என்று அவரை அதுவரை யாரும் கேட்டதில்லை. "எனக்குப் பேச்சே வரலைங்க. தண்ணி குடிக்கணும்னு சொல்லி வெளிய போயிட்டேன்" என்றார். அதற்குப் பிறகுதான் எல்லாவற்றையும் வரைந்து காட்டும் பழக்கம் வந்ததாம். மூன்று வாரம் எந்தச் சூத்திரமும் கிடையாது. கிராஃப் தாள், ஸ்கேல், கோணமானி, பென்சில் மட்டும்தான்.

ஐயை எங்களுக்கு அவர் இப்படிக் காட்டினார். எல்லோரையும் எழுந்து போர்டைப் பார்த்து நிற்கச் சொன்னார். போர்டைப் பார்த்தால் ஒன்று. இடது பக்கம் ஒரு முறை திரும்பினால் ஐ. இப்போது ஜன்னல் தெரிகிறது. இன்னொரு முறை இடது பக்கம் திரும்பினால் பின்சுவர். அது மைனஸ் ஒன்று. ஐயை ஐயால் பெருக்கினால் மைனஸ் ஒன்று வருவது அவ்வளவுதான் என்றார். ஃபேக்டரி ஷூ போட்ட ஆட்கள் பெஞ்சுக்கு நடுவில் இடித்துக்கொண்டு திரும்பினார்கள்.

"இதைத்தான் எங்க கம்பெனி பஸ் டிரைவர் தினமும் பண்றாரு குரு" என்றான் சுரேந்தர். "ரெண்டு தடவை லெஃப்ட் அடிச்சா திரும்ப ஹெப்பாள்லயே நிப்போம்."

சுரேந்தர் பின் பெஞ்ச். அவனுக்கு எல்லோரும் 'குரு'தான். பின் பெஞ்சில் ஏழு பேர், எல்லோரும் ஹெப்பாளில் ஒரே ஃபேக்டரி. வேலை விட்டதும் ஒரே பஸ்ஸில் வந்து, கால் மணி தாமதமாக, ஒன்றாக உள்ளே நுழைவார்கள். அவர்களில் மூத்தவர் பழனி. முப்பத்து மூன்று வயது, மேடத்தைவிடப் பெரியவர். சி.என்.சி. லேத்தில், அதாவது எண்களைத் தட்டிக் கொடுத்தால் தானாக இரும்பைக் கடைகிற மெஷினில், பன்னிரண்டு வருடம் ஆபரேட்டர். டிகிரி இருந்தால் அந்த எண்களை எழுதும் புரோகிராமிங் பிரிவுக்குப் போகலாம் என்பதற்காகப் படிக்க வந்திருக்கிறார். அவர் பக்கத்தில் ஒரு இடம் காலியாக இருந்ததால் நான் அங்கே உட்கார்ந்தேன். தமிழில் பேசிக்கொள்ளலாம் என்பதும் ஒரு காரணம்.

கிராஃபில் புள்ளி வைக்க மேடம் சொல்லித்தந்த வாரம் அந்த ஏழு பேரும் வரவில்லை. ஃபேக்டரியில் ஆடிட். போர்டை போனில் படம் எடுத்து நான்தான் பழனிக்கு அனுப்பினேன். அவர் அதைப் பார்த்துப் புரிந்துகொண்டு, பஸ்ஸில் மற்ற ஆறு பேருக்கும் சொல்லிக்கொடுத்தார். அடுத்த வாரம் பழனியின் தாளை மேடம் வகுப்பு முழுவதற்கும் தூக்கிக் காட்டினார். கோடுகள் அச்சடித்ததுபோல் இருந்தன. "கை இப்படி இருக்கணும்" என்றார். பழனி வெட்கப்பட்டுக் குனிந்துகொண்டார்.

பிறகு ஒரு திங்கட்கிழமை இன்டர்னல் தேர்வு வைத்தார். வரைந்து அளக்கும் கேள்விகள் இரண்டு. 3+4i என்ற எண்ணைக் கிராஃபில் குறித்து, மையத்திலிருந்து அதன் தூரத்தை ஸ்கேலால் அளக்க வேண்டும். அடுத்தது கால்குலஸ். x-இன் வர்க்கத்துக்கு வளைகோடு வரைந்து, x ஒன்றாக இருக்கும் இடத்தில் தொடுகோடு போட்டு, அதன் சரிவை அளக்க வேண்டும். முதலாவதற்கு விடை 5. இரண்டாவதற்கு 2. எட்டுத் தாள்களில் மட்டும் முதல் விடை 3.6 என்றும் இரண்டாவது 1 என்றும் இருந்தன. பின் பெஞ்ச் ஏழு பேரும் நானும்.

புதன்கிழமை எங்கள் எட்டுப் பேரையும் துறைத் தலைவர் அறைக்குக் கூப்பிட்டார்கள். தலைவர் செலுவநாராயணன் சார். மேலுகோட்டைப் பக்கத்துக் குடும்பம், வீட்டில் தமிழ். எங்களைக் கன்னடத்தில் விசாரித்துவிட்டு மேடத்திடம் தமிழில் பேசினார். எங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் புரியும் என்பது அவருக்குத் தெரியவில்லையோ, தெரிந்தும் பேசினாரோ.

"சரியான விடை எட்டுப் பேருக்கும் ஒண்ணா வரலாம்மா. அதுல ஆச்சரியம் இல்லை. ஒரே தப்பு எட்டுப் பேருக்கும் தனித்தனியா வருமா? அதுவும் ரெண்டு கேள்விலயும்?"

"வராதுங்க சார்."

"அப்ப காப்பிதான். மால்பிராக்டிஸ்னு எழுதி வெள்ளிக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போட்டுக் கொடுங்க."

மேடம் தாள்களை மறுபடி புரட்டினார். "கையெழுத்துப் போட்டா இவங்க இந்த செமஸ்டர் என் பேப்பர் எழுத முடியாதுங்களா?"

"முடியாது. பிரிவுலேர்ந்து பேரையும் எடுத்துருவாங்க."

"அப்ப பதிமூணு பேருங்க சார்."

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது எனக்கும் தெரியறது. ஆனா வேலையைக் காப்பாத்திக்க நீங்க இவங்களை விட்டுட்டீங்கன்னு நாளைக்கு யாரும் சொல்லிடக் கூடாது பாருங்கோ."

வராந்தாவுக்கு வந்ததும் பழனி மேடத்தின் முன்னால் போய் நின்றார். "மேடம், நாங்க பாத்து எழுதல. என் பொண்ணு மேல சத்தியமா."

"சத்தியமெல்லாம் வேண்டாம்ங்க பழனி அவரே" என்றார் மேடம், கன்னட மரியாதையில்.

"பாத்து எழுதறதுன்னா ஃபர்ஸ்ட் பெஞ்சைப் பாத்து எழுதமாட்டோமா மேடம்?" என்றான் சுரேந்தர். "பெயிலாகறதுக்கு யாராவது காப்பி அடிப்பாங்களா?"

மேடம் அவனை நிமிர்ந்து பார்த்தார். அந்த வாதமும் சரி, சார் சொன்னதும் சரி. அப்படிக் குழம்பிய ஒரு முகத்தை நான் அதுவரை ஒரு ஆசிரியரிடம் பார்த்ததில்லை.

நான் அவர்களுக்குப் பின்னால் தள்ளி நின்றேன். ஏனென்றால் நான் பார்த்துத்தான் எழுதினேன். எனக்கு முதலில் 5 வந்தது. அளந்து, எழுதியும் விட்டேன். பிறகு பக்கத்தில் பழனியின் தாளைப் பார்த்தேன். அந்தக் கோடுகளைப் பார்த்ததும் என் தாள் குப்பைபோல் தெரிந்தது. அவருக்கு 3.6. ரப்பரால் என்னுடையதை அழித்துவிட்டு அவருடையதைப்போல் வரைந்தேன். அடுத்த கேள்வியிலும் அதையே செய்தேன்.

நான் பார்த்து எழுதியிருந்ததால், மற்றவர்களும் அப்படித்தான் எழுதியிருப்பார்கள் என்று எனக்குள் ஒரு எண்ணம். ஆனால் பழனி மகள்மேல் சத்தியம் செய்ததையும் கேட்டேன். எதை நம்புவது என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை மேடம் எட்டுச் சீட்டுகளோடு வந்தார். ஒவ்வொன்றிலும் வேறு வேறு எண். ஒருவரைப் படிக்கட்டில் உட்கார வைத்தார், ஒருவரை நூலக வாசலில், இரண்டு பேரைக் காலி வகுப்பின் இரண்டு மூலைகளில். என்னை வராந்தாவின் கடைசியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். போன்களை எல்லாம் தன் பையில் போட்டுக்கொண்டார். இருபது நிமிடம். எனக்கு வந்தது 8+6i. வரைந்தேன், அளந்தேன், சரியாகப் பத்து சென்டிமீட்டர் வந்தது. பார்க்க யாரும் இல்லாததால் அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

எல்லோரையும் வகுப்புக்குள் கூட்டி, தாள்களை மேசையில் பரப்பி, எங்கள் முன்னாலேயே ஸ்கேல் வைத்து மேடம் திருத்தினார். சுரேந்தருக்கு 6+8i. பத்து வர வேண்டும், 7.2 என்று எழுதியிருந்தான். பழனிக்கு 5+12i. பதிமூன்று வர வேண்டும், 7.8. ஏழு தாள்களும் தப்பு. ஒவ்வொன்றும் வேறு எண், வேறு இடம், பார்த்து எழுத ஆளே இல்லை. ஆனாலும் எல்லாம் ஒரே மாதிரித் தப்பு, எல்லாமே குறைவு. சரியாக இருந்தது என்னுடையது மட்டும்.

மேடம் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். "பழனி அவரே, இங்க வாங்க. ஒரு புதுத் தாள் எடுங்க. இதே புள்ளியை என் முன்னாடி வைங்க பாக்கலாம்."

பழனி வந்து, நிதானமாக ஒரு குறுக்குக் கோடு போட்டார். ஐந்து கட்டம் போனார். மேலே ஏறினார். ஒரு புள்ளி வைத்து, பக்கத்தில் 12 என்று அழகாக எழுதினார்.

"இது பன்னெண்டுங்களா?"

"பன்னெண்டு மேடம்."

"எண்ணுங்க."

பழனி பென்சில் முனையால் எண்ணினார். "ஆறு."

"அப்புறம்?"

"மேல ஆறு, கீழ ஆறு. டயா பன்னெண்டு." சொல்லிவிட்டு, இதில் என்ன கேள்வி என்பதுபோல் மேடத்தைப் பார்த்தார்.

 மேடம் அந்தப் புள்ளியில் விரலை வைத்தார். "விட்டமா? எதோட விட்டம்ங்க?"

பழனி தன் டிபன் பையைத் திறந்து கையடக்கமான ஒரு இரும்புத் துண்டை எடுத்தார். ஒரு முனை தடிமனாகவும் மறு முனை மெல்லியதாகவும் கடையப்பட்டிருந்தது. சேதமாகிக் கழித்துப்போட்டது, மகளுக்கு விளையாடக் கொண்டுபோகிறேன் என்றார். அதைத் தாளின்மேல் படுக்க வைத்தார். "எங்க மெஷின்ல படுத்த கோட்டுக்குப் பேரு இஸட். நிக்கற கோடு எக்ஸ். எக்ஸ் பன்னெண்டுன்னு தட்டினா டூலு நடுக்கோட்டுலேர்ந்து ஆறுலதான் போய் நிக்கும் மேடம். ட்ராயிங் போடறப்பவும் நாங்க மேல் பாதியைத்தான் போடுவோம்."

"ஏன் அப்படி? ஆறுன்னே தட்டினா என்னங்க?"

"ரேடியஸை யாரு மேடம் அளக்கறது? பீஸுக்கு நடுவுல போய் வெர்னியரை வெக்க முடியுமா? வெளிய புடிச்சா டயாதான வரும்." பிறகு மெதுவாக, "போட்டோல கட்டம் தெரியல மேடம். போர்டுல ஏது கட்டம். நான் எனக்குத் தெரிஞ்ச மாதிரி வெச்சேன். இவனுங்களுக்கும் அப்படியே சொல்லிட்டேன்" என்றார்.

மேடம் பையிலிருந்து ஒரு பழைய தாளை எடுத்தார். அன்று வகுப்பில் தூக்கிக் காட்டிய அதே தாள். அதில் ஒரு புள்ளிக்குப் பக்கத்தில் 4 என்று எழுதியிருந்தது. கட்டங்களை எண்ணினார். இரண்டு. தாளின் மூலையில் சிவப்பு மையில் அவர் கையாலேயே 'நன்று' என்று எழுதியிருந்தார்.

"நாலுன்னு எழுதியிருந்துச்சு, நாலுன்னு நம்பிட்டேன்" என்றார். "எண்ணிப் பாக்கலைங்க நான்."

சுரேந்தர் கை தட்டினான். "அப்ப நாங்க காப்பி இல்ல மேடம். நாங்க சுத்தமா தப்பு."

எல்லோரும் சிரித்தார்கள், மேடமும்தான். சிரித்துக்கொண்டே தாள்களை அடுக்கியவர் கடைசித் தாளில் நின்றார். அது என்னுடையது.

"யுவா, நீ எந்த மெஷின்?"

"மெஷின் இல்ல மேடம். கொரியர்."

"இன்னிக்குப் பத்து சரியா வந்திருக்கு. திங்கக்கிழமை எப்படி 3.6 வந்துச்சு?"

நான் சொல்லிவிட்டேன். சொல்ல அதிக நேரம் ஆகவில்லை. சிரிக்கும்போது என் தோளில் போட்டிருந்த கையைச் சுரேந்தர் எடுத்தான். "அடப்பாவி, நீ ஒருத்தன்தானா குரு" என்றான். கோபமாகச் சொன்னானா, வேடிக்கையாகச் சொன்னானா, இன்றுவரை தெரியவில்லை.

"விடுங்க மேடம், சின்னப் பையன்" என்றார் பழனி.

"உங்க ஏழு பேரும் காப்பி இல்லைன்னு எழுதி நான் கையெழுத்துப் போடப்போறேன்" என்றார் மேடம். "அந்தத் தாள்ல இவனைப் பத்திப் பொய் எழுதினா, உங்களைப் பத்தி எழுதினதையும் யாருங்க நம்புவாங்க?"

வெள்ளிக்கிழமை அந்த இரும்புத் துண்டையும் பதினாறு தாள்களையும் எடுத்துக்கொண்டு மேடம் செலுவநாராயணன் சாரிடம் போனார். பழனியும் கூடப் போனார். சார் துண்டைக் கையில் உருட்டிப் பார்த்து, இரண்டு முறை கேட்டுக்கொண்டு, கடைசியில் ஒத்துக்கொண்டாராம். ஏழு பேருக்கும் மால்பிராக்டிஸ் இல்லை. ஆனால் தப்பான விடைக்கு மார்க்கும் இல்லை. வரைந்ததற்கு மட்டும் பத்துக்கு நான்கு. உயரக் கோட்டில் ஒரு கட்டத்துக்கு இரண்டு என்று மூலையில் எழுதி, ஸ்கேலைத் தொடாமல் எண்களை வைத்தே சரிவைக் கணக்கிட்டிருந்தால் இரண்டுதான் வந்திருக்கும், அதனால் இதைத் தப்பு என்பதா என்று மேடம் சாரோடு அரை மணி நேரம் வாதாடியதாகப் பழனி சொன்னார். எனக்கு அந்த இடம் சரியாக விளங்கவில்லை. அளந்தால் தப்பு, எழுதிவிட்டுக் கணக்கிட்டால் சரி என்றால், கோடு எங்கேதான் இருக்கிறது?

என் பெயர் தாளில் போனது. இந்த செமஸ்டர் நான் கணக்குப் பேப்பர் எழுத முடியாது. அடுத்த வருடம் எழுதலாம். பிரிவில் இப்போது இருபது பேர். மூட மாட்டார்கள். மேடத்தின் பெட்டி கும்பாரகொப்பலிலேயே இருக்கிறது.

அன்று மாலை பஸ் ஸ்டாப்பில் மேடம் நின்றிருந்தார். நான் தள்ளி நின்றேன். அவரே பக்கத்தில் வந்தார்.

"உன் திங்கக்கிழமைத் தாளை வெளிச்சத்துல புடிச்சுப் பாத்தேன். அஞ்சுன்னு எழுதி அழிச்ச தடம் இருக்கு."

"ஆமா மேடம்."

"சரியா வந்திருச்சே. அளந்தும் பாத்துட்ட. அப்புறம் ஏன் அழிச்ச?"

"பழனி அண்ணன் தாள் அவ்வளவு நீட்டா இருந்துச்சு மேடம்."

"அது எனக்கும் தெரியும். நான் கேக்கறது அது இல்ல. உன் கையில ஸ்கேல் இருந்துச்சுல்ல? ஸ்கேல் அஞ்சுன்னு சொல்லுது. ஏன் அழிச்ச?"

பஸ் வந்துவிட்டது. ஏறுவதற்கு முன் திரும்பி, "திங்கக்கிழமை வகுப்புக்கு வா. பேர் இல்லைன்னாலும் உக்காரலாம், சார்கிட்ட கேட்டுட்டேன்" என்றார். நெற்றியில் அந்த வெள்ளைக் கோடு இருந்தது.

போனேன். முதல் பெஞ்சில் தனியாக ஒரு இடம் இருந்தது, அங்கே உட்கார்ந்தேன். வகுப்பு தொடங்கும் முன் எல்லோரும் தாளின் மூலையில் ஒரு கட்டம் எவ்வளவு என்று எழுத வேண்டும் என்றார் மேடம். அவரே ஒவ்வொரு பெஞ்சாகப் போய், பென்சிலால் கட்டங்களை எண்ணிவிட்டு வந்தார். அதற்கே கால் மணி ஆனது. பிறகு எங்களை எழுந்து நிற்கச் சொன்னார். போர்டைப் பார்த்து நின்றோம். இடது பக்கம் ஒரு முறை, ஜன்னல். இரண்டாவது முறை, பின்சுவர். எனக்கு முன்னால் இப்போது எல்லோருடைய முதுகும் தெரிந்தது. கடைசியில் பழனியின் முதுகு.

"இன்னும் ஒரு தடவை இடது பக்கம்" என்றார் மேடம்.

எல்லோரும் ஒரே பக்கம் திரும்பவில்லை. பாதிப் பேர் ஜன்னலைப் பார்த்து நின்றார்கள், பாதிப் பேர் கதவைப் பார்த்து. பழனி ஜன்னலைப் பார்த்து நின்றார். என் கணக்குப்படி இடது பக்கம் கதவு, நான் கதவைப் பார்த்து நின்றேன். மேடம் சிறிது நேரம் யாரையும் திருத்தாமல் காத்திருந்தார். சிலர் பக்கத்து ஆளைப் பார்த்து மாறிக்கொள்ளும் ஷூ சத்தம் கேட்டது. எது சரி என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. நான் கதவைப் பார்த்தபடியே நின்றேன்.